பெயர் கேட்காத குழு

தாழ்ப்பாள் என்பது அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. எந்தப் பெற்றவர்களும் அவ்வளவு கல்நெஞ்சக்காரர்களாக இருக்க மாட்டார்கள். குழுவில் சேருகிறவர் எவரும் சொந்தப் பெயரைச் சொல்லக் கூடாது, தொலைபேசி எண்ணைக் கொடுக்கக் கூடாது, வீட்டில் கிடக்கும் ஏதாவது ஒரு சாமானின் பெயரை வைத்துக்கொள்ள வேண்டும் என்று விதி போட்டவளே அவள்தான். தலையணை, வாளி, சாவிக்கொத்து, மிதியடி என்று நானூற்றுப் பன்னிரண்டு பேர். குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்ட பிறகுதான் அவளுக்கு மூச்சே ஒழுங்காக வரும். அதனால் அவள் தாழ்ப்பாள்.

அந்த நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது ஒரு பை. குடலில் கட்டியோ ஆறாத புண்ணோ வந்தால் அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சக் குடலின் நுனியை வயிற்றில் ஒரு துளை வழியாக வெளியே கொண்டுவந்து தைத்துவிடுவார்கள். கழிவு அந்த வழியாகத்தான் வரும். அதன்மேல் ஒரு பையை ஒட்டிக்கொள்ள வேண்டும். பையோடு வேலைக்குப் போகலாம், விருந்துக்குப் போகலாம், புருஷனோடு சண்டை போடலாம், எல்லாம் செய்யலாம். வெளியே சொல்வது மட்டும் எவருக்கும் வருவதில்லை.

அவளுக்கும் வரவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை அவளுக்கு. வருகிறவர்களின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு "இது தெரியுதா, இது தெரியுதா" என்று கேட்க வேண்டும். அந்த நேரம் பார்த்துப் பை லேசாகச் சத்தம் போடும். அவள் உடனே நாற்காலியைத் தரையில் தேய்த்து இழுப்பாள். அந்த நாற்காலிக் காலுக்கு ரப்பர் போட வேண்டும் என்று முதலாளி ஏழு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவள் போட விட்டதில்லை.

ஏழு வருடத்துக்கு முன்னால் முதல்முதலாகப் பை ஒழுகிய நாளில் அவளுக்குக் கை கொடுத்தது ஏணி நடத்திய வலைத்தளம். ஏணி ஒரு லிஃப்ட் மெக்கானிக். அவளுக்கு முன்பே பை போட்டுக்கொண்டவர், அவளைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். தன் பட்டறை மூலையில் ஒரு கணினியைப் போட்டு, அதிலேயே அந்தத் தளத்தை ஓட்டினார். பார்க்கக் கண்றாவியாக இருக்கும். கறுப்புப் பின்னணியில் பச்சை எழுத்து. ஒரு படத்தை ஏற்றுவதற்குள் ஒரு பாத்திரம் கழுவிவிடலாம். ஆனால் தோல் வெந்துபோனால் என்ன தடவ வேண்டும், பயணத்தில் என்ன சாப்பிடக் கூடாது என்பதெல்லாம் அங்கேதான் கற்றுக்கொண்டாள்.

பிறகு எல்லார் கைப்பேசியிலும் அந்த அரட்டைச் செயலி வந்தது. எண்ணை மறைத்துக்கொண்டு புனைபெயரில் உட்கார்ந்து பேசலாம். படம் ஒரு நொடியில் போய்ச் சேரும். அவள் ஒரு குழுவைத் தொடங்கி, ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, ஆறே மாதத்தில் ஏணியின் தளத்தையே காலி செய்துவிட்டாள். ஏணியும் வந்தார். வந்தவர் சும்மா இருந்தாரா என்றால் இல்லை.

"இது நம்ம இடம் இல்லைங்க. வாடகை இடம்கூட இல்ல. அவங்க திண்ணையில சும்மா உக்கார விட்டிருக்காங்க, நாளைக்கே எந்திரின்னா எந்திரிக்கணும். பழைய தளத்துலயும் ஒரு பிரதி வெச்சுக்குவோம்," என்று எழுதினார்.

அதற்கு அவள் எழுதிய பதில் அவளுக்கு எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கிறது. "ஏணி அண்ணா, ஈ ஓட்டறதுக்கு எதுக்கு இன்னொரு கடை? அந்தப் பச்சை எழுத்தைப் படிச்சுப் படிச்சு எனக்குக் கண்ணு போச்சு. நான் வேற கண்ணாடிக் கடைக்காரி. மூடிட்டு வாங்க."

அறுபத்திரண்டு பேர் சிரித்திருந்தார்கள். அவள் எண்ணிப் பார்த்துவிட்டுத் தூங்கினாள். ஏணி "சரிம்மா, மூடிடறேன்" என்றார். ஆனாலும் நாலு மாதம் கழித்து மறுபடி அதே பேச்சை எடுத்தார். மூன்றாம் முறை எடுத்தபோது அவளுக்குச் சள்ளையாகிவிட்டது. அவர் பெயர்மேல் விரலை வைத்தாள். நீக்கவா என்று திரை கேட்டது. ஆம் என்றாள். ஒரு சொல் சொல்லவில்லை.

அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. ஒரு வருடம் கழித்து அவள் கடை இருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் பாதியில் நின்றது. பழுது பார்க்க ஒருவர் வந்தார். காதில் பென்சில், தொளதொளவென்று வெளியே விட்ட சட்டை. லிஃப்டுக்குள் குனியும்போது ஒரு கையால் வயிற்றோரம் சட்டையை அழுத்திக்கொண்டார். லிஃப்டில் ஒட்டியிருந்த சீட்டில் பட்டறையின் பெயரும் தெருவும் இருந்தன. குழுவில் அவர் அடிக்கடி புலம்பிய அதே தெரு. அவளுக்குப் புரிந்துவிட்டது. வணக்கம் சொல்லியிருக்கலாம். அவளோ சரக்கு அறைக்குள் போய், அவர் கிளம்பும்வரை முக்கால் மணி நேரம் கண்ணாடிக் கூடுகளை எண்ணிக்கொண்டு நின்றாள்.

குடை என்ற பெயரில் ஒருவன் குழுவுக்கு வந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. முப்பது வயதுக்காரன். குடலில் கட்டி. வெட்டி எடுத்துப் பை வைத்தால் பிழைத்துக்கொள்வான், இல்லாவிட்டால் வருடம் தாண்டாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஏற்கெனவே ஒரு தடவை அறுவை நாளன்று கட்டிலிலிருந்து எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டவன். இரண்டாவது தேதி வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்குக் குறித்திருந்தது. தாழ்ப்பாள் அவனோடு ஒன்பது நாளும் பேசினாள். சட்டை எப்படிப் போடுவது, படுக்கும்போது எந்தப் பக்கம் திரும்புவது என்று அவன் கேட்கக் கேட்கச் சொல்லிச் சொல்லி அவனைப் பாதி வழிக்குக் கொண்டுவந்திருந்தாள்.

புதன்கிழமை காலை அவன் எழுதினான். "கடைசியா ஒண்ணு கேக்கறேன். சிரிக்காதீங்க. என் பொண்ணுக்கு மூணு வயசு. எப்பவும் மடியிலதான் உக்காருவா. அதுக்கப்புறம் அவளை மடியில வெச்சுக்கலாமா? எந்திரிச்சு ஓடிட மாட்டாளே?"

படித்தாள். அவள் படித்துவிட்டதற்கான அடையாளம் அவன் பக்கம் விழுந்திருக்கும். அந்த நேரத்தில் ஒருவர் உடைந்த கண்ணாடியோடு உள்ளே வந்தார். இதற்கு அவசரத்தில் பதில் எழுதக் கூடாது, மதியம் உட்கார்ந்து நிதானமாக எழுத வேண்டும் என்று நினைத்துக் கைப்பேசியை மேசைக்குள் வைத்தாள். நல்லெண்ணம்தான்.

மதியம் எடுத்துப் பார்த்தபோது குழு இல்லை. அவள் கணக்கும் இல்லை. ஓர் அறிவிப்பு மட்டும் இருந்தது. குழுவில் ஆபாசப் படங்கள் பகிரப்பட்டிருப்பதாகவும், குழுவும் அதை நடத்தியவரின் கணக்கும் நிரந்தரமாக நீக்கப்படுவதாகவும் எழுதியிருந்தது. ஒட்டிய இடத்தில் தோல் சிவந்திருக்கிறது, பாருங்களேன் என்று கேட்டு ஒவ்வொருவரும் போட்ட வயிற்றுப் படங்கள்தான் அந்த ஆபாசம். ஏதோ ஓர் இயந்திரம் பார்த்து முடிவு செய்திருக்கிறது. முறையிட ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தி, அழாக்குறையாக ஒரு பக்கம் எழுதினாள். நாற்பது நொடியில் பதில் வந்தது. மறுபரிசீலனை செய்தார்களாம், முடிவில் மாற்றமில்லையாம்.

உங்க வயிறு அசிங்கமில்லை, அசிங்கமில்லை என்று நாலு வருடம் நானூறு பேருக்குச் சொல்லி வந்தவள், அறிவிப்பில் இருந்த ஆபாசம் என்ற சொல்லை மூன்று முறை படித்தாள்.

ஒன்றை மறைப்பானேன். அவளுக்கு முதலில் வந்த கவலை குடையைப் பற்றியது இல்லை. கணக்கோடு சேர்ந்து தன் சொந்தப் பெயர் எங்கேயாவது வெளியே போயிருக்குமோ, கடையில் தெரிந்துவிடுமோ என்றுதான் பதறினாள். குடை ஞாபகத்துக்கு வரப் பத்து நிமிடம் ஆனது. அந்தப் பத்து நிமிடத்தை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குக் காது மடல் சூடாகும்.

அவனை எங்கே போய்த் தேடுவது? பெயர் தெரியாது, ஊர் தெரியாது, எந்த மருத்துவமனை என்றும் தெரியாது. கேட்கக் கூடாதென்பது அவள் போட்ட விதி. புதுக் கணக்குத் தொடங்கிக் குடை என்று தேடினாள். உலகத்தில் இருக்கும் குடைக் கடைகள் எல்லாம் வந்தன. ஏணியின் தளத்தின் முகவரிகூட அந்தக் குழுவின் பழைய பேச்சுக்குள்தான் கிடந்தது. எல்லாம் அங்கேயேதான் இருக்கிறதே என்று அவள் எதையும் தனியாக எழுதி வைத்துக்கொண்டதில்லை.

லிஃப்டில் ஒட்டிய சீட்டு மட்டும் மிச்சம். புதன் மாலையே அதன் முன்னால் போய் நின்றாள். எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது என்று திரும்பி வந்துவிட்டாள். வியாழன் காலைதான், வயிறு சரியில்லை என்று முதலாளியிடம் ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு கிளம்பினாள். அங்கே போய்ச் சேர்ந்தபோது மணி பத்தாகப் பத்து நிமிடம்.

பட்டறைக்குள் கிரீஸ் வாசனை. சுவரோரம் கழற்றிய லிஃப்ட் கதவுகள் சாய்ந்திருந்தன. மூன்று பேர் ஒரு நெளிந்த கதவைத் தரையில் போட்டு சுத்தியால் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"யாரைப் பாக்கணும்க்கா?" என்றார் ஒருவர்.

"ஏணி..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ஏணியெல்லாம் வெளிய குடுக்கறதில்லைக்கா."

மேசைக்குப் பின்னால் குனிந்திருந்தவர் நிமிர்ந்தார். காதில் அதே பென்சில். அவளை ஒரு கணம் பார்த்தார். "எங்கிட்டதான் வந்திருக்காங்க, நீ தட்டுப்பா," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்க தாழ்ப்பாள்தானே?" என்றார்.

"எப்படித் தெரியும்?"

"அன்னிக்கு என்னைப் பார்த்ததும் சரக்கு ரூமுக்குள்ள போனீங்களே. போறப்ப சட்டையை வயித்துகிட்ட ஒரு பிடி பிடிச்சீங்க. நம்ம ஆளுங்கதான் அப்படிப் பிடிப்பாங்க. கண்ணாடிக் கடைக்காரின்னு வேற நீங்களே எழுதியிருந்தீங்க."

தெரிந்தும் அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. கடைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகக்கூட வரவில்லை. அவளுக்குக் கூனிக்குறுகிப் போயிற்று. மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தாள். அவர் முந்திக்கொண்டார்.

"அதெல்லாம் அப்புறம். குடைன்னு ஒருத்தர். நேத்து என்ன நடந்துச்சு?"

"உங்களுக்குக் குடையைத் தெரியுமா அண்ணா?"

"நான்தானே உங்ககிட்ட அனுப்பினேன்."

தளத்தை மூடியது உண்மைதான், ஆனால் அதன் வாசலில் ஒரு சீட்டு ஒட்டி வைத்தேன் என்றார். எல்லாரும் அந்தக் குழுவுக்குப் போய்விட்டார்கள், அங்கே போங்கள், வழி தெரியாவிட்டால் எனக்கு எழுதுங்கள் என்று ஒரே ஒரு பக்கம். இந்த நாலு வருடத்தில் முப்பத்தொரு பேர் எழுதியிருந்தார்கள். ஒவ்வொருவரிடமும் எண்ணைக் கேட்டு வாங்கி ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு, பிறகு அவள் குழுவுக்கு வழி சொல்லி அனுப்பியிருக்கிறார். தன்னை வெளியே தள்ளிய குழுவுக்கு.

"பேசிப் பேசி ஆளைத் தேத்தறதுக்கு உங்களை விட்டா யாரு?" என்றபடி கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார். அதே பச்சை எழுத்து.

புதன் மதியம் குடை அவருக்கு எழுதியிருந்தான். "அய்யா, அந்தம்மா என் கடைசிக் கேள்வியைப் பார்த்தாங்க. பதில் சொல்லலை. கொஞ்ச நேரத்துல என்னைக் குழுவுல இருந்து எடுத்துட்டாங்க. நீங்கள் இந்தக் குழுவில் இல்லைன்னு வருது. குழந்தையைப் பத்திக் கேட்டது அருவருப்பா இருந்திருக்கும். அவங்களுக்கே அப்படின்னா மத்தவங்களைச் சொல்ல என்ன இருக்கு. நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லிடுங்க."

கீழே ஏணியின் பதில். "அந்தம்மா அப்படிப்பட்டவங்க இல்லை. எத்தனையோ பேரைக் கைபிடிச்சுக் கரை சேர்த்தவங்க. சொல்லாம கொள்ளாம ஒருத்தரை வெளிய அனுப்பற ஆள் இல்லை. ஏதோ நடந்திருக்கு. பொறுங்க."

சொல்லாமல் கொள்ளாமல் வெளியே அனுப்பப்பட்டவர் தன் கையாலேயே அதை எழுதியிருந்தார். அவளுக்குத் திரையைப் பார்க்க முடியவில்லை. அவரையும் பார்க்க முடியவில்லை. பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளக் கூடாதா என்று இருந்தது.

"ஏன் அண்ணா இப்படி எழுதினீங்க?" என்றாள்.

"அந்த ஆளு கட்டில்ல படுக்கணுமே. அதுக்கு எது உதவுமோ அதை எழுதினேன்."

காலை ஏழு மணிக்கு வந்த கடைசி மடலில் இரண்டே வரி. "பரவால்ல அய்யா. நான் ஆபரேஷனுக்குப் போகலை, அண்ணன் ஊருக்குப் பஸ் ஏறப் போறேன்." ஏணி அதற்குப் பிறகு நாலு தடவை கூப்பிட்டிருக்கிறார். அவன் எடுக்கவில்லை.

ஐந்தாம் தடவை அவள் முன்னால் கூப்பிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசி மணியில் எடுத்தான்.

"இருப்பா, வைக்காதே. தாழ்ப்பாள் என் பக்கத்துல நிக்கறாங்க," என்று சொல்லிக் கைப்பேசியை அவள் கையில் திணித்தார்.

பஸ் நிலையத்தின் இரைச்சல் கேட்டது. பட்டறையில் சுத்திச் சத்தம்.

"நான்தான்," என்றாள்.

"கேக்கலைங்க."

"நான் உங்களை எடுக்கலை. குழுவையே மூடிட்டாங்க. என்னையும் சேர்த்து எடுத்துட்டாங்க."

"ஒண்ணும் கேக்கலை. சத்தமா சொல்லுங்க."

அவள் வாசல் பக்கம் போகலாமா என்று திரும்பினாள். அங்கே தெருவில் ஆட்கள். உள்ளே மூன்று பேர். ஏழு வருடமாக நாற்காலியை இழுத்து இழுத்து மறைத்ததை எங்கே போய்ச் சத்தமாகச் சொல்வது?

"பஸ் வந்துருச்சுங்க. வைக்கட்டுமா?"

"மடியில வெச்சுக்கலாம்!" என்று கத்தினாள். "என் வயித்துல ஏழு வருஷமா பை இருக்கு. எனக்கு அதை வெச்சப்ப என் பொண்ணுக்கு நாலு வயசு. மடியிலதான் உக்காந்தா, மடியிலதான் தூங்கினா. எந்திரிச்சு ஓடல. பை சத்தம் போட்டா உள்ள தவளை இருக்குன்னு சொல்லுவா. தவளைக்குப் பசிக்குதாம்மான்னு கேப்பா!"

சுத்திச் சத்தம் எப்போதோ நின்றுவிட்டிருந்தது. மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள். அவளுக்கு முகமெல்லாம் எரிந்தது. ஆனால் வார்த்தை நிற்கவில்லை.

"உங்களுக்கு எந்தப் பக்கம் வைப்பாங்கன்னாங்க? இடதா? அப்ப வலது தொடையில உக்கார வைங்க. தையல் ஆறற வரைக்கும் ஒரு ஆறு வாரம் பொறுங்க, அவ்வளவுதான். கேக்குதா?"

"கேக்குது," என்றான். "நேத்தே ஏன் சொல்லலை?"

செயலி குழுவை மூடிவிட்டது, இயந்திரம் தவறு செய்தது என்று சொல்லச் சாக்குகள் இருந்தன. "தப்பு என்னோடது. உங்க பேரைக்கூடக் கேட்டு வெச்சுக்கலை," என்றாள். பிறகு தன் சொந்தப் பெயரையும் எண்ணையும் சொன்னாள். நாலு வருடத்தில் அவள் குழுவில் ஒருவருக்கும் சொல்லாத பெயர். அவன் தன் பெயரைச் சொன்னான்.

"இப்பப் போனா சேத்துப்பாங்களா?"

"போய் நில்லுங்க. திட்டுவாங்க, வாங்கிக்குங்க."

முதலாளி இரண்டு முறை கூப்பிட்டார். அவள் எடுக்கவில்லை. பதினொன்றரைக்கு அவள் எண்ணுக்கு ஒரு செய்தி வந்தது. உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள், நான் அவர் மனைவி, உங்களுக்கு நன்றி என்று இருந்தது. அந்த நன்றியை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. ஏணியிடம் காட்டினாள். அவர் படித்துவிட்டு, பென்சிலை எடுத்து நோட்டில் குடையின் பெயருக்கு எதிரே ஒரு குறி போட்டார். அதன் பிறகுதான் அவள் தான் செய்ததையெல்லாம் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். அவர் எதிரே பார்த்துக்கொண்டே கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார்.

"வலிக்கத்தாங்க செஞ்சுது," என்றார். "அந்த அறுபத்திரண்டு சிரிப்பை நானும் எண்ணினேன்."

பரவாயில்லை என்று அவர் சொல்லியிருந்தால் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்திருக்கும்.

"இவரை மாதிரி இன்னும் எத்தனை பேர், நம்மளை வெளிய தள்ளிட்டாங்கன்னு உக்காந்திருக்காங்களோ," என்றார் ஏணி. "நோட்டுல இருக்கற முப்பத்தொரு பேருக்கு இன்னிக்கே நான் கூப்பிட்டுச் சொல்லிடறேன். பழைய எழுத்தெல்லாம் பத்திரமா இருக்கு, தளத்தையும் திறந்துடலாம். மத்தவங்களை நீங்க எழுதுங்க. யார் யார் ஞாபகம் இருக்கோ எழுதுங்க, தேடலாம்."

ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் கொடுத்தார். அவள் ஒரு முக்காலியில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். ஒவ்வொருவரையும் அவளுக்குத் தெரியும். தலையணைக்கு இரண்டாவது அறுவை அடுத்த மாதம். வாளி இன்னும் புருஷனிடம் காட்டவில்லை. சாவிக்கொத்துக்குத் தோல் புண்ணாகி, நேற்றுத்தான் என்ன மருந்து என்று கேட்டிருந்தார். மிதியடி பத்து நாளாக ஒன்றும் எழுதவில்லை, அதுவே நல்ல அறிகுறி இல்லை. யாருக்கு எங்கே வலிக்கும், யார் எதற்கு அழுவார்கள் என்பதெல்லாம் தெரியும். எழுதுவதற்குத்தான் அந்த ஒரு சொல்லுக்கு மேல் எதுவும் இல்லை. தலையணை. வாளி. சாவிக்கொத்து. மிதியடி. கடிகாரம். திரைச்சீலை. விளக்கு.

தாளின் ஒரு பக்கம் நிரம்பியது. மறுபக்கம் திருப்பினாள். தண்ணீர் குடிக்க எழுந்து வந்த சுத்திக்காரர் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். சற்று முன்பு அவள் கத்தியதைக் கேட்டுவிட்டதால், ஏதாவது ஆறுதலாகப் பேச வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"என்னக்கா, வீடு காலி பண்றீங்களா?" என்றார்.

அவள் தலை நிமிரவில்லை. "ஆமாங்க," என்று சொல்லிவிட்டு, அடுத்த வரியில் நாற்காலி என்று எழுதினாள்.